இருண்ட கண்டம் என்று நான் நடத்திய பாடத்தைத் திருத்திக்கொள்கிறேன்

 

இங்கே மூன்று நாளாக மழை. குற்றாலம் மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். வெளியே போக வழியில்லாமல் வீட்டில் இருப்பதால், பல மாதமாக மனதில் கிடந்ததை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் பொறுமை இல்லாதவர்கள் யார் யார் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது!

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "ஆப்பிரிக்கா சீனாவிடம் அடகு போய்விட்டது. சோம்பேறிகள் கடன் வாங்கித் தின்றார்கள். உகாண்டா விமான நிலையத்தைச் சீனா பிடுங்கிக்கொண்டது. இலங்கைத் துறைமுகமும் போச்சு." இதுதான் சாரம். போட்டது யார் என்று சொல்லமாட்டேன். அவனுக்கே தெரியும், நல்ல பிள்ளை. ஆனால் அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் ஆப்பிரிக்கா என்றாலே இப்படி நினைக்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

ஏழாம் வகுப்புப் பொது அறிவுக் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "இருண்ட கண்டம் எது?" என்று நான் கேட்பேன். "ஆப்பிரிக்கா டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் கத்தும். முப்பது வருஷத்துக்கு மேல் இதைக் கேட்டிருக்கிறேன். யாருக்கு இருட்டு, ஏன் இருட்டு என்று ஒரு நாளும் நான் விளக்கியதில்லை. எனக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் தன் வரைபடத்தில் தனக்குத் தெரியாத இடத்துக்கு வைத்த பெயர் அது. அவன் அறியாமைக்கு அந்த ஊர்க்காரர்களை இருட்டாக்கிவிட்டோம்.

இதை எனக்கு உணர்த்தியவனும் என் மாணவன்தான். ஜாம்பியா நாட்டில் கிட்வே என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். 2025 பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி குரல் செய்தி அனுப்பினான்.

"டீச்சர், நல்லா இருக்கியளா? இங்க குழாய்ல தண்ணி இல்ல டீச்சர். சீனாக்காரன் செப்புச் சுரங்கத்துல கழிவு அணை உடைஞ்சு அமிலம் ஆத்துல கலந்துட்டு. மீனெல்லாம் செத்து மிதக்கு. ஜனங்க குடத்தைத் தூக்கிட்டு அலையுதாவ. நம்ம ஊர் மாதிரியேதான் இருக்கு டீச்சர், இருண்ட கண்டமா தெரியல."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ரயில் பாதை. டான்சானியாவின் துறைமுகம் தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். பெயர் டாசாரா. ஜாம்பியாவின் சொத்தே செம்புதான். கடல் இல்லாத நாடு. செம்பைக் கப்பல் ஏற்றத் தெற்கே இருந்த ரொடீசியா வழியாகப் போகவேண்டும். அங்கே 1965-இல் சிறுபான்மை வெள்ளையர்கள் தாங்களாகவே ஆட்சியை அறிவித்துக்கொண்டார்கள். அவர்கள் கதவைச் சாத்தினால் ஜாம்பியாவின் பிழைப்பு போச்சு. வேறு பக்கம் ஒரு பாதை வேண்டும் என்று மேற்கு நாடுகளைக் கேட்டுப் பார்த்தார்கள். லாபம் வராது என்று கையை விரித்தார்கள். அப்போதுதான் சீனா முன்வந்தது. 1967-இல் ஒப்பந்தம், 1970-இல் வேலை தொடக்கம், 1975-இல் பாதை முடிந்தது. வட்டியில்லாக் கடன். அன்றைக்குச் சீனாவே ஏழை நாடு. வேலைக்கு வந்த சீனர்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் அந்த மண்ணிலேயே இறந்துபோனார்கள்.

அந்தக் கடனைக் கேட்டு வாங்கிய இரண்டு தலைவர்களும் பள்ளிக்கூட ஆசிரியர்கள்! ஜாம்பியாவின் கென்னத் கவுண்டாவும், டான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயும். நைரேரேயை அந்த மக்கள் 'ம்வாலிமு' என்றுதான் கூப்பிடுவார்களாம். சுவாஹிலி மொழியில் அதற்கு 'ஆசிரியர்' என்று பொருள். இதைப் படித்ததும் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

சீனா தர்மத்துக்குச் செய்ததா? இல்லை. அதற்கும் காரியம் இருந்தது. 1971-இல் ஐ.நா. சபையில் சீனாவுக்கு இடம் கிடைத்தபோது ஆதரவாக விழுந்த 76 ஓட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆப்பிரிக்க நாடுகளுடையது. கொடுத்தார்கள், வாங்கினார்கள். ஆனால் அதில் இரண்டு பக்கமும் தன் தேவை தெரிந்து பேசியது. அந்த ரயில் பாதை பின்னாளில் பராமரிப்பு இல்லாமல் நொடித்தது என்பதையும் சொல்லவேண்டும். அதைச் சீரமைக்க 140 கோடி டாலர் செலவில் ஒரு சீன நிறுவனத்துக்கு 30 வருஷத்துக்குக் கொடுக்க 2025 செப்டம்பரில் கையெழுத்தாகியிருக்கிறது.

இப்போது கடனுக்கு வருவோம்.

2009 முதல் ஆப்பிரிக்காவோடு அதிகமாக வியாபாரம் செய்யும் நாடு சீனாதான். 2024-இல் இருபக்க வியாபாரம் 29,500 கோடி டாலர். அங்கிருந்து போவது பெரும்பாலும் எண்ணெய், செம்பு, கோபால்ட் என்று மண்ணுக்குள்ளிருந்து எடுப்பது. வந்து இறங்குவது போன், இயந்திரம், துணிமணி. சாலை, ரயில், அணை, துறைமுகம் கட்டச் சீன அரசு வங்கிகள் கடன் கொடுத்தன. ஜாம்பியா 2020 நவம்பரில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. மறு வருஷம் புதிய அரசு வந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தால், சீனக் கடன் முந்தைய அரசு சொன்னதைவிட மிக அதிகம்!

இதில் பெரிய தப்பு எங்கே என்றால், கடன் பத்திரம் மக்கள் கண்ணில் படவில்லை. சீன அரசு வங்கிகள் 24 நாடுகளோடு போட்ட 100 ஒப்பந்தங்களைச் சில ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். 2014-க்குப் பிறகு போட்ட எல்லாவற்றிலும், உள்ளே இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு நிபந்தனை. கடனைக் கட்டப்போவது மக்கள், பத்திரத்தைப் பார்க்கக்கூடாதவர்களும் அவர்களே. இது எந்த ஊர் நியாயம்?

வாட்ஸ்அப்பில் வந்த உகாண்டா விமான நிலையக் கதையும் இப்படித்தான். சீனா அதைப் பிடுங்கவில்லை. 2021-இல் அந்தச் செய்தி வந்தபோது இரு நாடுகளும் மறுத்தன. இன்றைக்கும் அது உகாண்டா கையில்தான் இருக்கிறது. ஆனால் 2015-இல் போட்ட அந்த ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் பஞ்சாயத்து பெய்ஜிங்கில்தான் என்பது போன்ற கடுமையான நிபந்தனைகள் இருந்தது உண்மை. அம்பாந்தோட்டையும் அப்படியே. 2017-இல் 99 வருஷக் குத்தகைக்கு 112 கோடி டாலருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணம் துறைமுகக் கடனைத் தீர்க்கப் போகவில்லை, நாட்டின் டாலர் கையிருப்புக்குப் போனது. 2022-இல் இலங்கை நொடித்தபோது, சர்வதேசச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கிய கடன் சீனக் கடனைவிடப் பெரிதாக இருந்தது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுக்கதை கட்டக்கூடாது.

'சோம்பேறிகள் கடன் வாங்கித் தின்றார்கள்' என்ற வரிதான் என்னை அதிகம் குத்தியது. காரணத்தைச் சொல்கிறேன். இது சொந்தக்காரர்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

என் அப்பாவுக்குக் குளத்துப் பாசனத்தில் அரைக் கோட்டை விதைப்பாடு வயல் இருந்தது. அத்தை கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார். எந்த பேங்கும் அன்றைக்கு எங்களைப் போன்றவர்களை உள்ளே விடாது. கொடுத்தவர் ஒரு பத்திரத்தை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பெயர் மட்டும்தான் எழுதத் தெரியும். வட்டி எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், மாதம் தவறாமல் கட்டினார். ஆனால் அந்தக் காகிதத்தில் கிரயம் என்று எழுதியிருந்தது அவருக்குத் தெரியாது. ஏழாவது வருஷம் வயல் போனது. ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "சீட்டாடி அழிச்சிட்டான்." அப்பா வாழ்நாளில் சீட்டைக் கையால் தொட்டதில்லை. வயல் போனதைவிட அந்தப் பேச்சுதான் அவரைப் படுக்கவைத்தது. நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வந்த நாளில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இனி எந்தப் பேப்பரையும் நீ வாசிச்சிருவேல்லா?"

அதனால்தான் சொல்கிறேன். கடன் வாங்கியவனை முட்டாள் என்றும் சோம்பேறி என்றும் சொல்லாதீர்கள். வேறு கதவு திறக்காததால் திறந்திருந்த கதவுக்குப் போனான். டாசாரா ரயிலுக்கும் அதே கதைதான். கேட்கவேண்டிய கேள்வி வேறு. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? யார் வாசித்தார்கள்? யார் கையெழுத்துப் போட்டார்கள்?

சரி, சீனாவைத் திட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாமா? அதுவும் முடியாது.

கிட்வேயிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் சிங்கோலா என்று ஓர் ஊர். அங்கே உள்ள பெரிய செப்புச் சுரங்கத்தை 2004-இல் வாங்கியது சீன நிறுவனம் அல்ல, வேதாந்தா. ஆமாம், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் அதே வேதாந்தா. ஆற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, வயல் கெட்டுவிட்டது என்று சிங்கோலாப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் சுமார் 1,800 பேர் லண்டன் வரை போய் வழக்குப் போட்டார்கள். "உங்கள் நாட்டிலேயே போய்ப் பாருங்கள்" என்று கம்பெனி வாதாடியது. 2019 ஏப்ரலில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், இங்கேயே வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2021-இல் கம்பெனி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தது.

நமக்குத் தூத்துக்குடி எவ்வளவு தூரம்? 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தபோது நம் ஊரில் கடை அடைத்தார்கள், நீங்களும் அழுதீர்கள். அதே செம்பு, அதே கம்பெனி, அதே தண்ணீர்ப் புகார். சிங்கோலா ஜனங்கள் பட்டது நமக்கு வேற்றுநாட்டுச் செய்தியா? நம் சிற்றாறு போய்ச் சேரும் தாமிரபரணியின் பெயரிலேயே செம்பு இருக்கிறது. ஆற்றில் கழிவு கலந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். புளியரை தாண்டிக் கொல்லம் போனால் முந்திரி ஆலைகள். தூத்துக்குடித் துறைமுகத்திலும் மூட்டை மூட்டையாக முந்திரிக்கொட்டை இறங்குகிறது. எங்கிருந்து? பெரும்பாலும் ஐவரி கோஸ்ட், டான்சானியா, கினி-பிசாவ் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து. விளைவிப்பது அவர்கள், உடைத்துப் பருப்பாக்கி லாபம் பார்ப்பது இந்தியாவும் வியட்நாமும். கொட்டையாகக் கொடுத்துவிட்டுப் பருப்பை விலைக்கு வாங்குவது என்ற கணக்கில் சீனா செய்வதும் நாம் செய்வதும் ஒன்றுதான், அளவுதான் வேறு. ரயில் கதையிலும் நாம் இருக்கிறோம். கென்யாவில் வெள்ளைக்காரன் 1896 முதல் 1901 வரை போட்ட ரயில் பாதைக்குக் கூலியாகப் போனவர்கள் சுமார் 32,000 இந்தியர்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். இன்றைக்கு மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குச் சீனக் கடனில் 2017-இல் ஓட ஆரம்பித்த புதிய ரயில், அந்தப் பழைய பாதையை ஒட்டித்தான் போகிறது.

இனி முக்கியமான விஷயம். ஆப்பிரிக்க மக்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? இல்லை. இதை எந்த வாட்ஸ்அப் செய்தியும் சொல்லாது.

கென்யாவில் லாமு என்று ஒரு பழைய கடற்கரை ஊர். அங்கே சீனப் பணத்தில் நிலக்கரி மின்நிலையம் வர இருந்தது. மீனவர்களும் ஊர்க்காரர்களும் வழக்குப் போட்டார்கள். மக்களிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்கவில்லை என்று 2019 ஜூனில் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் உரிமத்தை ரத்து செய்தது. மறு வருஷம் கடன் தர இருந்த சீன வங்கியும் விலகிக்கொண்டது. அதே நாட்டில் ரயில் ஒப்பந்தம் கொள்முதல் சட்டத்தை மீறியது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தைக் காட்டு, காட்டு என்று ஜனங்கள் விடாமல் கேட்டதில் 2022 நவம்பரில் அதன் சில பகுதிகளை அரசு வெளியிட்டது.

காங்கோ, செம்பையும் கோபால்ட்டையும் கொடுத்துச் சாலை போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தை 2008-இல் சீனாவோடு போட்டது. நமக்குக் கிடைத்தது போதாது என்று திரும்பப் பேசி, 300 கோடி டாலர் கட்டுமானத்தை 2024-இல் 700 கோடி டாலராக உயர்த்தியது. லித்தியம் கல்லை அப்படியே அள்ளிக்கொண்டு போகக்கூடாது, இங்கேயே பதப்படுத்து என்று 2022 டிசம்பரில் ஜிம்பாப்வே தடை போட்டது. ஜாம்பியாவோ சீனாவோடு டாசாரா பேசிக்கொண்டே, மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் போடும் பாதையிலும் சேர்ந்திருக்கிறது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நாலு கமிஷன் கடை விசாரித்துத் தக்காளி போடும் நம் சம்சாரி செய்வது என்ன? அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். இதைச் செய்கிறவனுக்குப் பெயர் அடிமையா?

கிட்வேப் பக்கத்து விவசாயிகளும் அந்தச் சீன நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். முடிவு வர நாளாகும். வரும்போது நம் பையன் சொல்வான்.

"பெரியம்மா சீனாவுக்கு வக்காலத்து வாங்குறாங்க" என்று யாராவது எழுதுவீர்கள். இல்லையப்பா. 2020 ஏப்ரலில் கொரோனா சமயத்தில் குவாங்சோ நகரத்தில் ஆப்பிரிக்கர்களை வாடகை வீட்டிலிருந்து நடுத்தெருவுக்குத் துரத்தினார்களே, அதை எப்படி மறக்க முடியும்? சீன லைட்டரால் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கும் பெண்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும். என்னிடம் படித்த பல பிள்ளைகளுக்கு அந்தக் கூலியில்தான் நோட்டு வாங்கினார்கள். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-இல் அரசு தடை செய்தது. சும்மாவா செய்தது? இங்கிருந்து பல வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தது. கேட்டால்தான் கிடைக்கும். அவர்களுக்கும் அதே வழிதான்.

நாமும் யோக்கியம் இல்லை. 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்தது நம் நாட்டில்தான். போன சீசனுக்கு ஐந்தருவியில் இரண்டு ஆப்பிரிக்க மாணவர்கள் குளிக்க வந்தார்கள். படிக்க வந்த பிள்ளைகள். ஒருவன் கேட்காமலே பக்கத்தில் போய் நின்று செல்ஃபி எடுத்தான், இன்னொருவன் என்னமோ சொல்லிச் சிரித்தான். நம்மைவிட இரண்டு பிடி கறுப்பு, அவ்வளவுதானே! நான் அந்தப் பையனை அதட்டினேன். அவன் யாரிடம் படித்தானோ! என்னைப் போன்ற ஒரு டீச்சரிடம்தான் படித்திருப்பான் என்று பிறகு தோன்றியது.

ஆகவே பிள்ளைகளே, டீச்சர் மூன்று வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று, 'இருண்ட கண்டம்' என்று நான் சொல்லிக் கொடுத்ததை அடித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அங்கே 54 நாடுகள் இருக்கின்றன. வாரம் ஒரு நாட்டைப் படத்தில் காட்டினால் ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முடிந்துவிடும்.

இரண்டு, ஒரு நாடு அடகு போய்விட்டது என்று செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன்னால் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நம் நாடு போடும் ஒப்பந்தத்துக்கும் இதே கேள்விதான்.

மூன்று, உங்கள் வீட்டில் பெரியவர்கள் எதிலாவது கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து முழுசாக வாசித்துக் காட்டுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்ட அன்றைக்கு யாரும் இல்லை.

கிட்வேயில் இருக்கும் என் மாணவன் இதைப் படித்தால், அங்கே தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவும். குடும்பக் குழுவில் அந்தச் செய்தியைப் போட்ட பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். பொங்கலுக்கு வீட்டுக்கு வா, உட்கார்ந்து பேசலாம். நான் எழுதியதில் பிழை இருந்தால் எல்லாரும் தாராளமாகச் சொல்லுங்கள். திருத்திக்கொள்ளும் வயது எனக்கு இன்னும் தாண்டவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்